அடுப்பில் ஏறாத விருந்து

வசந்தாமணியோடு ஊர் ஊராகச் சுற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வியாபாரத்தில் கெட்டிக்காரி, பழக்கத்தில் தங்கம். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் என் உயிரை எடுத்துவிடுவாள். மூன்று வருஷமாக அடுப்பில் ஏறி இறங்கிய எதையும் அவள் வாயில் வைப்பதில்லை. சோறு இல்லை, இட்லி இல்லை, ஒரு வாய் டீ கூட இல்லை. ஊறவைத்த நிலக்கடலை, முளைகட்டிய பாசிப்பயறு, தேங்காய், வெள்ளரிக்காய், பழம், முடிந்தது. கேட்டால், "ஒடம்பு பஞ்சாட்ட லேசா இருக்குதுங்கக்கா" என்பாள். எனக்கு நேரத்துக்குச் சோறு விழாவிட்டால் உடம்பு கெடாது, வாய் கெட்டுப்போகும். எதிரில் நிற்பவர் யார் எவர் என்று பார்க்க மாட்டேன்.

என் பெயர் ரபியா. சேலத்தில் எங்களுக்குப் பெட்ஷீட், துண்டுக் கடை இருக்கிறது. என் வீட்டுக்காரர் கரீம் பாஷா கடையைப் பார்த்துக்கொள்வார். லாட்ஜ், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் என்று அலைந்து ஆர்டர் பிடிப்பது நான். வசந்தாமணிக்கு ஜலகண்டாபுரத்தில் பன்னிரண்டு பவர்லூம் தறி. அவள் வீட்டுக்காரர் தறிப்பட்டறையோடு கிடப்பார், இவள் சாம்பிள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு என்னோடு கிளம்பிவிடுவாள். பத்து வருஷமாக இப்படித்தான் இரண்டு பேரும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

ஆரம்பத்தில் அவளும் என்னைப் போலத்தான் சாப்பிட்டாள். சங்ககிரி தாண்டினால் பரோட்டா, ஓசூரில் பிரியாணி, நடுவில் பஸ் நிற்கிற இடமெல்லாம் பஜ்ஜி. பிறகு வயிற்றெரிச்சல் பிடித்துக்கொண்டது. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, எரிச்சலுக்கான மருந்து பாட்டில் இருக்கும். ஒரு நாள் யாரோ சொன்னார்கள் என்று இயற்கை உணவு முகாமுக்குப் போனாள். மூன்று நாள் முகாம். மற்றவர்கள் நாலாம் நாள் காலையில் நேராக ஹோட்டலுக்குப் போனார்கள். இவள் வெள்ளரிக்காய் வாங்கப் போனாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கடலையும் பயறும் குறையாமப் பாத்துக்கங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார். அதையும் தேதி தவறாமல் செய்கிறாள்.

வீட்டில் இருந்தபடி இப்படிச் சாப்பிட யாராலும் முடியும். வெளியூரில் செய்து பார்க்கட்டும், தெரியும்! ஹைதராபாத்தில் ஒரு லாட்ஜ். காலை ஏழு மணி. அறையில் தேங்காய் உடைத்தால் டைல்ஸ் போய்விடும் என்று வாசல் படிக்குப் போய் உடைத்திருக்கிறாள். உள்ளே இருந்த மேனேஜர் ஓடிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாட்ச்மேன் கற்பூரத்தோடு வந்தார். பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். இவளுக்குத் தெலுங்கு தெரியாது. இரண்டு கையிலும் இரண்டு மூடியோடு விழித்துவிட்டு, கடைசியில் தேங்காயைச் சில்லுச் சில்லாகக் கீறி எல்லோருக்கும் பிரசாதமாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு மேலே வந்தாள். "அக்கா, எங் காலைச் சோறே போச்சுங்க" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

எங்கள் சேலத்திலேயே ஒரு கூத்து நடந்தது. சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் போய் நின்று, "அண்ணா, தட்டுவடை இல்லாம ஒரு செட் குடுங்க. சட்னியும் வேண்டாங்க" என்று கேட்டாள். தட்டுவடை செட்டில் தட்டுவடையையும் சட்னியையும் எடுத்துவிட்டால் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும்தானே மிச்சம்! கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, மாப்பிள்ளை இல்லாமக் கல்யாணமா?" என்றார். ஆனாலும் நல்ல மனுஷன், காகிதத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் மலை மாதிரி குவித்துக் கொடுத்தார். அதிலிருந்து எங்கள் தலையைப் பார்த்தாலே, "மாப்பிள்ளை இல்லாத செட் ஒண்ணு!" என்று தெருவுக்கே கேட்கக் கூவுவார்.

வியாபாரிகள் கூட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு டோக்கன் தருவார்கள். அவளுடைய டோக்கனும் என் கைக்குத்தான் வரும். அவள் இளைக்க இளைக்க நான் பெருத்தேன். அதற்காகவாவது அவளை நான் திட்டாமல் இருக்க வேண்டும். எங்கே முடிகிறது?

இந்த வருஷம்தான் சிரிப்பு நின்றது. ஆர்டர் இல்லாமல் அவளுடைய பன்னிரண்டு தறியில் ஆறு நின்றுபோயின. தறி ஓட்டுகிறவர்களில் இரண்டு குடும்பம் திருப்பூருக்கு மூட்டை கட்டிவிட்டது. மீதித் தறியும் ஆடி தாண்டாது என்று அவள் ஒரு நாள் போனில் சொன்னாள். எதற்கும் கலங்காதவள், அன்றைக்குக் குரல் உடைந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் திருச்செங்கோட்டிலிருந்து அர்த்தநாரி கூப்பிட்டார்.

அவர் ரிக் லாரிக்காரர். அவருடைய எட்டு போர்வெல் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. இப்போது பங்காளிகளோடு சேர்ந்து மூன்று ஊரில் லாட்ஜ் கட்டியிருக்கிறார். மூன்றுக்கும் பெட்ஷீட், துண்டு, தலையணை உறை எல்லாம் வேண்டும். கிடைத்தால் நிற்கிற தறி ஆறும் நாலு மாசத்துக்கு நிற்காமல் ஓடும். கரூரிலிருந்தும் ஒருவர் சாம்பிளோடு வந்து போயிருக்கிறார் என்று தெரிந்தது. "ஊட்டுக்கே வந்துருங்க. சாப்பிட்டுட்டே பேசிக்கலாமுங்க" என்றார் அர்த்தநாரி.

சாப்பிட்டுக்கொண்டே! அந்தப் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்கவில்லை என்றால் மனசில் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடச் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் ஒரு பிடி சோறு தின்ன மாட்டார்கள். முடிவானால்தான் பந்தி. வியாபாரத்துக்கும் அதே கணக்குத்தான். கரூர்க்காரர் அங்கே ரசத்தைக் கையில் வாங்கி வாங்கிக் குடித்ததாகக் கேள்வி.

காரில் போகும்போது கெஞ்சினேன். "வசந்தா, ஒரு கை சோறு. ஒரே ஒரு கை. தறியை நெனச்சுக்கிட்டு முழுங்கிடு."

"ஒரு கை தின்னா செத்தா போயிருவேன்? அதில்லீங்கக்கா. எம்புள்ள கல்யாணத்துலயே பந்தியில ஒக்காந்து சோறு வேண்டான்னேன். சம்பந்தி மூஞ்சி எப்படிப் போச்சுன்னு நீங்களும் பாத்தீங்க. இன்னைக்கு ஆர்டருக்காவத் தின்னேன்னா, அவங்களவிட அர்த்தநாரி பெரிய ஆளாயிருவாருங்க. எம்புள்ளைக்குச் செய்யாதத எவனோ ஒருத்தருக்குச் செய்யறதுங்களா?"

"நல்லா வக்கணையாப் பேசு" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று அமாவாசை. மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் கார் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது, பாழாய்ப்போன யோசனை. அர்த்தநாரி வீட்டு வாசலில் வசந்தா டிக்கியிலிருந்து சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டு உள்ளே போனேன். அர்த்தநாரியின் மனைவி அத்தாயி அம்மா வாங்க வாங்க என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஐம்பது வயது இருக்கும். முகமெல்லாம் வேர்வை, ஆனால் அதை மீறிய சிரிப்பு. உள்ளேயிருந்து வடை வாசம் வந்தது.

"என்கூட வந்த பொண்ணுக்கு இன்னைக்கு அமாவாசை விரதம்மா. சாப்பிட மாட்டா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன்.

அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்க ஊட்லயும் விரதந்தானுங்க! அதுக்குத்தானே வட, பாயாசம் வெச்சு ஆக்கறேன். காக்காய்க்கு வெச்சுட்டு எல்லாரும் ஒண்ணா எலை போட்டுக்கலாமுங்க."

அமாவாசை விரதம் என்றால் மத்தியானம் வடை பாயாசத்தோடு முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது எங்கள் நோன்பு ஒன்றுதான். வாய் தன்பாட்டில் அதையே எடுத்துவிட்டது. "இல்லம்மா, இவளோடது வேற மாதிரி விரதம். பொழுது சாயற வரைக்கும் பல்லுல பச்சைத் தண்ணி படாது."

"அடேங்கப்பா! அப்படியொரு விரதமுங்களா?" என்று அந்தம்மா வாசலைப் பார்த்துக் கும்பிடாத குறை. நானோ, இதை வசந்தாவின் காதில் போட ஒரு நிமிஷம் கிடைக்காதா என்று தவித்தேன். அந்தம்மா என் கையை விட்டால்தானே!

அர்த்தநாரி சாம்பிள் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, விவரமான மனுஷன். துண்டின் மேல் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்று பார்த்தார். பெட்ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெசவைப் பார்த்தார். வசந்தா அவர் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் நூல் எண்ணோடு பதில் சொன்னாள். "சரக்கு நல்லாருக்குதுங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ராஜஸ்தானிலிருந்து போன் வந்தது. எழுநூறு அடியில் அவருடைய வண்டியின் துளைக்கிற பிட் சிக்கிக்கொண்டதாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மணி ஒன்று. வசந்தாவுக்குப் பசி வந்துவிட்டது. காருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவளும் எழுந்தாள். நான் பின்னாலேயே போகலாம் என்று பார்த்தால், அத்தாயி அம்மா என் கையில் அப்பளக் கூடையைக் கொடுத்துவிட்டு, காக்காய்க்குச் சோறு வைக்க மதில் பக்கம் போனார்.

மதில் பக்கம் போன அந்தம்மா அதே வேகத்தில் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏனுங்க, அந்தம்மா விரதம்னீங்க. கார்ல ஒக்காந்து டப்பாவத் தொறந்து கடலை தின்னுட்டு இருக்கறாங்க. பாதி வெள்ளரிக்கா வாயில இருக்குது."

நான் அப்பளக் கூடையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வடைச் சட்டியில் எண்ணெய் சொய்ங் என்றது. போன் பேசி முடித்து உள்ளே வந்த அர்த்தநாரி காதிலும் விழுந்துவிட்டது. "எங்க ஊட்டுச் சோறு ஆகாதுன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

கையைத் துடைத்துக்கொண்டு வசந்தா உள்ளே வந்தாள். மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். அத்தாயி அம்மா விரதத்தைப் பற்றி அவளிடமே கேட்டுவிட்டார். வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அந்த இடத்திலேயே பூமி பிளந்து எழுநூறு அடிக்கு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"எனக்கு விரதமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள். "அக்கா எனக்கு நல்லது பண்றேன்னு எதையோ சொல்லிட்டாங்க. நான் மூணு வருசமா வேக வெச்சது எதையும் திங்கறதில்லீங்க. உங்க ஊடுன்னு இல்ல, எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க."

"இருக்கட்டுமுங்க. அது உங்க சௌரியம். ஆனா எங்க ஊட்டுல கை நனைக்காதவங்களோட எங்கப்பா காலத்துலருந்தே நாங்க ஏவாரம் வெச்சதில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே அர்த்தநாரி பெட்ஷீட்டை மடிக்க ஆரம்பித்தார். அவர் ஒரு மடிப்பு மடிக்க, எனக்கு ஒரு தறி நின்றது. வசந்தாவின் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினேன். "சாப்பிட்டுத் தொலைடி!"

"கை நனைக்க மாட்டேன்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றாள் வசந்தா. "எலையப் போடுங்கம்மா."

அல்லா, வழிக்கு வந்துவிட்டாள் என்று நான் மூச்சு விட்டேன். அவளோ பந்திக்குப் போகாமல் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தாள். "அம்மா, சமைச்சது போக மீதி என்னென்ன இருக்குதுங்க? அடுப்புல ஏறாதது எது குடுத்தாலும் எலை நெறையத் திங்கறேன். மிச்சம் வெக்க மாட்டேன்."

மேடையில் பாதிப் பரங்கிக்காய் (அவர்கள் பேச்சில் அரசாணிக்காய்), கொஞ்சம் வெள்ளரிக்காய், நாலு கேரட், தக்காளி, எலுமிச்சம்பழம், தேங்காய், பாயாசத்துக்கு ஊறவைத்ததில் மிஞ்சிய பாசிப்பருப்பு, மூலையில் ஒரு சீப்பு பூவன்பழம் எல்லாம் இருந்தன. அத்தாயி அம்மா அதையெல்லாம் பார்த்தார், வசந்தாவைப் பார்த்தார். "இதையப் போயி எலையில எப்படிங்க வெக்கறது? மாட்டுக்கு வெக்கறாப்பல இருக்குமே!" என்றார்.

"மாடு எப்பங்கம்மா வவுத்தெரிச்சல்னு டாக்டருகிட்டப் போயிருக்குது?"

அந்தம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்த கையோடு ரோஷமும் வந்தது. வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்பினால் அந்த வீட்டுக்கு அல்லவா இழுக்கு! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி காய் சீவ, நான் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். வாழைக்காயைக் காட்டி, "இது ஆவுங்களா?" என்று கேட்டார் அந்தம்மா. "அது மட்டும் வேண்டாமுங்க, பல்லு போயிரும்" என்றாள் வசந்தா.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டைனிங் டேபிளில் தலைவாழை இலை விழுந்தது. விருந்து என்றால் எது எங்கே வைக்க வேண்டுமோ, அங்கங்கே வைத்தார் அந்தம்மா. பொரியல் இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய்ப்பூ கலந்த அரசாணித் துருவல். கூட்டு இருக்கும் இடத்தில் பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும். சோறு விழும் இடத்தில் கேரட் துருவல், அதன் தலையில் கொத்தமல்லி. ரசத்துக்குப் பதில் தக்காளிச் சாற்றில் மிளகு தட்டிப் போட்டது. பாயாசத்துக்குத் தேங்காய்ப் பாலில் பழத்தைப் பிசைந்து ஏலக்காய் போட்டது. இலையைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கும் அர்த்தநாரிக்கும் சமைத்த சாப்பாடு. குண்டாக்களை மேசை நடுவிலேயே வைத்தாயிற்று.

நான் முதல் வடையைக் கடித்துவிட்டேன். வசந்தா இன்னும் இலையைத் தொடவில்லை. "நீங்களும் ஒக்காருங்கம்மா" என்றாள்.

"நீங்க சாப்புடுங்க, நான் அப்புறமா. பரிமாறோணுமில்லீங்க?"

"என்னத்தைங்க பரிமாறப் போறீங்க? ரசம் சுட வெக்கோணுங்களா, அப்பளம் பொரிக்கோணுங்களா? எனக்குக் குடுக்கோணுங்கறது எல்லாம் எலையில வந்தாச்சுங்களே. அவங்களுக்குக் குண்டா கைக்கெட்டற தூரத்துல இருக்குது."

அத்தாயி அம்மா திரும்பி அடுப்பைப் பார்த்தார். அணைந்து கிடந்தது. கரண்டியைத் தேடுவது போல் மேசையைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய்ச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. நிற்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. மெதுவாக நாற்காலியை இழுத்தார். வசந்தா எழுந்து பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டு, தன் இலையில் இருந்ததையெல்லாம் பாதிப் பாதியாக அதற்கு மாற்றினாள்.

அந்தம்மா ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய். "நல்லாருக்குதே!" என்றார், ஏதோ யாரோ ஏமாற்றிவிட்டது போல. அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார். "கண்ணாலமாகி இருவத்தொம்பது வருசமாச்சுங்க. வந்தவங்களோட ஒண்ணா ஒக்காந்து நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லீங்க. எல்லாரும் தின்னு போனப்பறம் எது கெடக்குதோ அதுதான். அதும் ஆறிப்போயிருக்கும்."

அந்தம்மா சிரித்துத்தான் சொன்னார். நான்தான் கடித்த வடையை இலையில் வைத்துவிட்டேன். ஒவ்வொரு பெருநாளும் ஐம்பது பேருக்குப் பிரியாணி போட்டுவிட்டு, கடைசியில் தேக்சாவின் அடியைச் சுரண்டித் தின்கிறவள் நானும்தானே! இத்தனை வருஷம் இந்தப் பச்சைக்காய்க்காரியைத் திட்டியிருக்கிறேன். அவளோடு நான் ஊருக்குப் போன நாள் எல்லாம் எனக்குச் சூடாகச் சோறு கிடைத்திருக்கிறது, உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அதை அதுவரை நான் நினைத்தே பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அர்த்தநாரி இலையில் சோறு தீர்ந்துவிட்டது. பழக்கத்தில் தலையைத் தூக்காமல், "சோறு" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து இலையில் கை வைத்திருக்கிற தன் மனைவியை, யாரோ விருந்தாளியைப் பார்ப்பது போல் பார்த்தார். "குண்டா உங்க கிட்டத்துலதான் இருக்குதுங்க" என்றார் அத்தாயி அம்மா. அர்த்தநாரி கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சோற்றை அள்ளினார், பாதி மேசையில் விழுந்தது. எனக்கும் போட்டார். பிறகு தண்ணீர் எடுக்கப் போனவர் சமையலறையில் டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு அலமாரியைத் திறந்து மூடினார். கடைசியில் அளக்கிற ஆழாக்கில் தண்ணீர் கொண்டுவந்து மனைவி முன்னால் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த காக்காய் பறந்துபோனது.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வழித்து வைத்த மாதிரி இருந்த வசந்தாவின் இலையைப் பார்த்தார். ஒரு துருவல்கூட மிச்சம் இல்லை. மடித்து ஓரமாக வைத்திருந்த பெட்ஷீட்டை எடுத்துத் திரும்ப மடியில் விரித்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, இதே நெசவுதானுங்களே? மூணு லாட்ஜுக்கும் ஆடி முடியறதுக்குள்ள குடுத்துருவீங்களா?" என்று வசந்தாவிடம் கேட்டார்.

வசந்தா வாயைத் திறப்பதற்குள் அத்தாயி அம்மா கையை உயர்த்தினார். பழமும் தேங்காய்ப் பாலும் மணிக்கட்டு வரை வழிந்துகொண்டிருந்தது.

"சாப்புடற எடத்துல ஏவாரம் பேசாதீங்க. நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கலீங்க."